கிடக்கருது

எங்கள் ராமாத்தாள் அத்தை கூட நடப்பது என்றால் எனக்குப் பயம். மூச்சு வாங்கிவிடும் என்ற பயம்தான். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்துக்குள், எங்கள் இரண்டு வீடும் ஒரே வாசலைப் பார்த்து நிற்கின்றன. ஒன்றில் அத்தையும் ஆறுச்சாமி மாமாவும், இன்னொன்றில் நானும் என் வீட்டுக்காரர் தனபாலும். தனபால் மாமாவுக்குத் தம்பி மகன். விடிகாலையில் பால் சொசைட்டிக்கு அத்தை தூக்குப்போசியோடு கிளம்பினால் நான் பாதி வழியிலேயே பின்தங்கிவிடுவேன். "ஏ கோமதி, தையல் மிசின்லயே உக்காந்து உன்ற காலு மரத்துப் போச்சா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்பாள். அவளுக்கு அப்போது வயது அறுபத்தாறு. எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வெட்கக்கேடு.

அப்பேர்ப்பட்ட மனுஷி இரண்டு வருஷம் கட்டிலே கதியென்று கிடந்தாள். அவள் மறுபடி தன் காலால் நடப்பாளா மாட்டாளா என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். நடுவில் வேறு எதையாவது பேசினேன் என்றால் அது என் வயிற்றெரிச்சல். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். "எழுதிக்க. ஆனா பேரை மாத்தி எழுதுனீன்னா உன்னோட பேச மாட்டேன்" என்றாள்.

அத்தை பிறந்தது ஆனைமலை. கட்டிக்கொடுத்து இங்கே வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் இந்தக் காடு முக்கால்வாசி தரிசாகக் கிடந்ததாம். மாமரம் வைத்தது, கிணறு தூர் எடுத்தது, மாடு பெருக்கியது எல்லாமே அத்தை. கட்டுத்தரையில் நான்கு கறவை மாடு எப்போதும் நிற்கும். ஆள் கிடைக்காத நாளில் தவிட்டு மூட்டையைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு போவாள். "பண்ணையம் பாக்கறவளுக்கு இடுப்பு வலிக்குதுன்னு சொல்ல நேரமிருக்குதா" என்பாள். வலி இல்லாமல் இல்லை. பல வருஷமாகவே குனிந்தால் நிமிர ஒரு முனகல் வரும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை, அவளும்தான்.

மாமா கெட்டவர் இல்லை. குடி இல்லை, சீட்டு இல்லை, அத்தையை ஒரு அடி அடித்ததில்லை. ஆனால் பண்ணையத்தில் அவருக்கு ஒரு வேலையும் ஒட்டவில்லை. மாடு அவரைப் பார்த்தால் முட்டும். மாங்காய் வியாபாரிகள் வந்தால் அவரைத் தாண்டிப் போய், "அம்மா இல்லீங்களா?" என்று கேட்பார்கள். டீக்கடையில் அவருக்குப் பெயர் 'ராமாத்தா ஊட்டுக்காரர்'. ஆறுச்சாமி என்று கூப்பிட்டால் யாரென்று கேட்பார்கள் போலிருக்கும். மாமா அதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்பை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அவருக்கென்று ஒரே ஒரு உத்தியோகம் இருந்தது. மலையாளம். எங்கள் பக்கம் பேருக்குத்தான் கேரளம். கடையில், காட்டில், சொசைட்டியில் எல்லாம் தமிழ்தான் பேச்சு. வில்லேஜ் ஆபீஸ், கரண்ட் ஆபீஸ், கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி என்று போனால்தான் மலையாளம் வேண்டும். மாமா கொல்லங்கோட்டில் மலையாளம் படித்தவர், எழுதவும் நன்றாக வரும். அத்தைக்கு வாய்க்குள் நுழைந்த மலையாளம் நான்கைந்து வார்த்தை இருக்கும். ஆபீசுக்குப் போகும்போது மட்டும் மாமா முன்னால் நடப்பார், அத்தை பின்னால் நடப்பாள். அங்கே அவர் என்ன சொன்னாலும் அத்தைக்கு அதுதான் முடிவு.

ஒரு சித்திரை மாதம் தவிட்டு மூட்டையை வண்டியிலிருந்து இழுக்கும்போது அத்தைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே மூட்டை மேல் கவிழ்ந்துவிட்டாள். தனபாலும் நானும் தூக்கிப்போய்க் கட்டிலில் போட்டோம். எண்ணெய் தேய்த்தும் கேட்கவில்லை என்று மூன்றாம் நாள் மாமா பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனார். போனது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி, மலையாளம் மட்டும்தான் பேசினாளாம்.

திரும்பி வந்ததும் மாமா வாசலிலேயே சொல்லிவிட்டார். "எலும்பு தேய்மானமாமா. நல்லாத் தேஞ்சிருச்சாமா. எந்திரிச்சா நரம்பு நசுங்கிப் போயிரும், படுத்தே கெடக்கோணும்னு கண்டிசனாச் சொல்லிட்டா."

அத்தையும் கட்டிலில் இருந்தபடி தலையை ஆட்டினாள். "ஆமா அம்மிணி, நானே என்ற காதுல கேட்டேன். கெடக்கக் கருது, கெடக்கக் கருதுன்னு ரெண்டு மூணு வாட்டி சொன்னா."

நான் அங்கேதான் நின்றேன். எனக்கும் மலையாளம் தெரியும். கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் அத்தை வாயில் அந்த வார்த்தை தமிழாக மாறி வந்தது. கெடக்கக் கருது. கிடப்பதையே நினைத்துக்கொண்டிரு என்று ஏதோ டாக்டர் பாஷை போல எனக்குப் பட்டது. அது வேறு எதுவாகவோ இருக்கும் என்று நான் ஏன் நினைக்கப் போகிறேன்? மலையாளம் தெரிந்த மனுஷன் பக்கத்திலேயே நின்று சொல்கிறாரே.

அன்றிலிருந்து மாமா ஆளே மாறிப்போனார். சமையல் அவர், துணி துவைப்பது அவர், அத்தைக்குத் தலை சீவி விடுவதும் அவர். கொள்ளு அரைத்துச் சூடு ஒத்தடம் கொடுப்பார். இடுப்புக்கு ஒரு பெல்ட் வாங்கிவந்து இறுக்கிக் கட்டினார். கட்டில் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்திருப்பார். அத்தை தட்டினால் எங்கே இருந்தாலும் ஓடி வருவார். அத்தை முதலில் கூச்சப்பட்டாள். சட்டியில் ஒன்றுக்குப் போவதற்கு அழுதாள். "கூச்சமென்ன, நான் உன்ற புருசன்தானே" என்று அவர் எடுத்துக்கொண்டு போய் ஊற்றுவார்.

ஊரே வாய் பிளந்தது. இப்படி ஒரு புருஷனா என்று பெண்கள் அவரவர் வீட்டில் சண்டை போட்டார்கள். நானும் தனபாலிடம், "மாமாவப் பாத்தாவது கத்துக்கங்க" என்று குத்திக் காட்டியிருக்கிறேன். பார்க்க வருகிறவர்களும் சும்மா வருவார்களா? ஆளுக்கொரு கதை கொண்டு வருவார்கள். இன்ன ஊரில் ஒருத்தி டாக்டர் பேச்சைக் கேட்காமல் எழுந்து நடந்தாள், காலிரண்டும் விளங்காமல் போய்விட்டது என்பார்கள். அத்தை அதையெல்லாம் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். காட்டுப் பன்றியைக் கம்பெடுத்து விரட்டியவள், புரண்டு படுக்கவே பயந்தாள்.

வலி குறையவில்லை. அதுதான் வேடிக்கை. எழுந்தால் வலிக்கும் என்று படுத்தாள், படுத்துப் படுத்து வலி கூடியது. வலிக்கிறதே, தேய்மானம் அதிகமாகிறது போல என்று இன்னும் அசையாமல் படுத்தாள். பகலெல்லாம் கண்ணயர்வாள், ராத்திரி தூக்கம் வராது. உடம்பு பெருத்தது. சர்க்கரை வந்தது. கால் மட்டும் குச்சியாகிக்கொண்டே போனது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் சந்துரு போனில், "அம்மா, அசையாதீங்க, அப்பா பாத்துக்குவாரு" என்பான். அன்பாகத்தான் சொன்னான். எல்லோரும் அன்பாகவே சொன்னோம்.

அந்த மழைக்காலத்தில் மாமா மாடுகளை விற்றார். நான்கையும் ஒரே நாளில். "சத்தம் கேட்டா இவளுக்குக் கட்டுத்தரைக்குப் போகோணும்னு தோணுது" என்றார் எங்களிடம். வண்டியில் ஏற்றும்போது செவலை மாடு கத்தியது. உள்ளே அத்தை டம்ளரைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மாமா அன்றைக்கு மட்டும் உடனே போகவில்லை.

அதற்குப் பிறகு வாசலில் நாற்காலி போட்டு மாமா உட்கார ஆரம்பித்தார். மாங்காய் வியாபாரிகள் வந்தால் எழுந்திருக்க மாட்டார். "அண்ணா, அண்ணா" என்று அவர்கள் நின்றுகொண்டே பேசுவார்கள். டீக்கடையில் ஆறுச்சாமியண்ணன் வந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள். பேச்சில் ஒரு கனம் வந்திருந்தது. பொஞ்சாதி படுத்த கவலையிலும் மனுஷன் தைரியமாக நிற்கிறாரே என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். மெச்சினோமா? மெச்சினோம்.

அத்தை எனக்குத் தெரியாமல் என்னென்னவோ வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாள் தலைமாட்டில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "கோமதி, எங்காவது அனாதை இல்லத்துல என்னையக் கொண்டுபோயி உட்டுருங்கன்னு உங்க மாமாகிட்ட நீ சொல்லோணும்" என்றாள். "அவரும் கெழவனாயிட்டாரு. எத்தனை நாளைக்கு எனக்குப் பீ அள்ளுவாரு?" நான் திட்டினேன். மாமாவிடம் சொன்னபோது அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகை பொய்யென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

போன தை மாதம் மாமா பொள்ளாச்சி சந்தைக்குப் போயிருந்த நாளில் அத்தைக்குக் குளிர்காய்ச்சல் வந்து உதறியது. நீர்க்கடுப்பு வேறு. மாமா போனை எடுக்கவில்லை. முனீஸ்வரன் ஆட்டோவைக் கூப்பிட்டு அத்தையைத் தூக்கி உள்ளே சாய்த்து, அதே பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அத்தையோடு ஆஸ்பத்திரிக்கு மாமா இல்லாமல் வேறு ஆள் போனது அதுதான் முதல் தடவை.

காய்ச்சலைப் பார்த்த டாக்டர், கம்ப்யூட்டரில் பழைய விவரத்தைப் பார்த்துவிட்டு அந்த எலும்பு டாக்டரம்மாவை வரச் சொன்னார். அவள் வந்தாள். ஸ்டிரெச்சரில் கிடந்த அத்தையின் காலைத் தூக்கிப் பார்த்தாள், விரலை மடக்கச் சொன்னாள், ஊசியால் மெல்லக் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாம் இருந்தது. முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. என்னைப் பார்த்து, "கிடக்கருது என்னு ஞான் அன்னே பறஞ்ஞதல்லே?" என்றாள். அன்றைக்கே நான் சொன்னேன் இல்லையா என்று கேட்கிறாள்.

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போனாள். எக்ஸ்ரேயில் தெரிந்த தேய்மானம் இந்த வயதில் தலைமயிர் நரைக்கிற மாதிரி, கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும், அதற்காக யாரும் படுக்கையில் விழ வேண்டியதில்லை. அன்றைக்கு இருந்தது தசைப்பிடிப்புதான். வலித்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், அடுத்த வாரம் கூட்டிவாருங்கள், உடற்பயிற்சி சொல்லித் தருகிறோம் என்று இவருடைய கணவரைத் தனியாகவும் கூப்பிட்டுச் சொன்னேன், அவர் சரி என்றுவிட்டுப் போனவர்தான், என்றாள். இப்போது தசையெல்லாம் வற்றிவிட்டது, எலும்பு நைந்துவிட்டது, எல்லாவற்றையும் விடப் பயம் ஊறிவிட்டது. நடக்க வைக்கப் பார்க்கலாம். பழைய நடை திரும்புமா என்று என்னைக் கேட்காதே. இப்படிச் சொல்லிவிட்டு அத்தையின் கையைப் பிடித்து ஏதோ சமாதானம் சொன்னாள். அத்தைக்கு அது புரியவில்லை.

ஊசி போட்டு, மாத்திரை வாங்கி, சாயங்காலம் திரும்பினோம். ஆட்டோவில் அத்தை என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள்.  கொல்லங்கோடு தாண்டியதும் கேட்டாள். "கோமதி, கருதுன்னா என்ன?"

"எந்தக் கருதுங்க அத்தை?"

"டாக்டரம்மா இன்னைக்கும் அதத்தான சொன்னா. கெடக்கக் கருதுன்னு. சொல்லும்போது உன்ற மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. "அது கருது இல்லீங்க அத்தை. அருது. அருதுன்னா கூடாதுன்னு அர்த்தம். கிடக்கருதுன்னா, படுத்துக் கெடக்கக் கூடாதுன்னு."

அத்தை ஆட்டோவின் கூரையைப் பார்த்தாள். பிறகு, "பாவம், அவருக்கும் தப்பாக் காதுல உழுந்திருச்சாட்ட இருக்குது. எனக்கு உழுந்த மாதிரியேதான்" என்றாள். புருஷனுக்குப் பரிந்து பேசினாள். நானும் "ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

எங்கள் மாந்தோப்பு வீட்டுக்கு முன்னாலேயே ரோட்டோரம் வந்துவிடும். இப்போதெல்லாம் கொல்லங்கோட்டுக்கு வயலையும் மலையையும் போட்டோ எடுக்க வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக பைக்கில் வந்து மரத்தில் கை வைக்கிறார்கள். அதற்காகக் கேட்டில் ஒரு போர்டு உண்டு. ஆட்டோ அதைத் தாண்டும்போது அத்தை தலையைத் தூக்கினாள்.

"முனீசு, நிறுத்து சாமி. கோமதி, அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்குதுன்னு படி."

மலையாளத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. "மாங்ஙா பறிக்கருது."

"அப்படின்னா?"

"மாங்கா பறிக்கக் கூடாதுன்னு அர்த்தமுங்க."

"இதை எழுதுனது உங்க மாமாதான். நான் படுக்கறதுக்கு முந்தின மாசம். பெயிண்ட் டப்பாவைக் கையில புடிச்சுட்டு நின்னது நானாக்கும்" என்றாள் அத்தை. பிறகு தலையை என் மடியில் போட்டுக்கொண்டாள். "போலாம் சாமி" என்றாள் முனீஸ்வரனிடம். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், ஆத்திரத்தில்.

மாமா இருட்டுக்கு முன்னால் வந்துவிட்டார். பையில் அத்தைக்குக் கொய்யாப்பழம், அப்புறம் கரண்டில் சூடாகும் ஒத்தடப் பை. போனில் நான் கூப்பிட்டதைப் பார்த்துப் பதறிப்போய் உள்ளே ஓடி வந்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று அத்தையின் நெற்றியில் கை வைத்தார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அங்கேதான் நின்றேன், போகவில்லை.

"ஏனுங்க, முன்னால போனப்ப அந்த டாக்டரம்மா என்னங்க சொன்னா?" என்று கேட்டாள் அத்தை.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "கெடக்கோணும்னுதான் சொன்னா. நீயுந்தான் கேட்டியே புள்ள."

"நான் கேட்டனுங்க. எனக்கு மலையாளந் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே."

"எனக்கும் அப்படித்தான் காதுல உழுந்துது."

"தோப்புக் கேட்டுல பறிக்கருதுன்னு எழுதுனீங்களே, அது எப்படி உழுந்துதுங்க?"

மாமா நெற்றியிலிருந்து கையை எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒத்தடப் பையை மடியில் வைத்து வயரைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். எனக்கு அந்த வயரைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

"மொதல்ல பத்து நாளைக்குன்னுதான் நெனச்சேன்" என்றார் கடைசியில். "நீ வலியில துடிச்சதப் பாத்தேன். நடன்னு சொன்னா நீ நேராக் கட்டுத்தரைக்குப் போயி மூட்டையத் தூக்குவே. சித்த நாளைக்குக் கெடக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"பத்து நாள் ஆனப்பறம் சொல்லியிருக்கலாமுங்களே."

மாமா வயரை விரலில் முறுக்கினார்.

"ஏன் சொல்லலைங்க?"

"நீ படுத்தப்பறம்தான் புள்ள என்னைய மனுசனா மதிச்சாங்க" என்றார் மாமா.  "நீயே டம்ளரைத் தட்டி என்னையத்தான கூப்புட்டே. நாப்பது வருசத்துல நீ என்னைய எதுக்காச்சும் கூப்புட்டிருக்கறயா? நீ எந்திரிச்சா நான் பழையபடி ராமாத்தா ஊட்டுக்காரன்தானே."

உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி அவரைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. அடுத்த நொடியே அந்தப் பரிதாபத்தை நினைத்து எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. மனுஷனுக்கு மரியாதை வேண்டும் என்றால் இன்னொரு மனுஷியின் காலையா எடுப்பது?

அத்தை சத்தம் போடவில்லை. "நான் தெனமும் எங்கூரு மாசாணியாத்தாளைக் கும்புட்டனுங்க" என்றாள். "என்னையச் சீக்கிரமாக் கூப்புட்டுக்க ஆத்தா, இந்த மனுசன் எனக்காகச் சாகறாருன்னு. உங்களுக்காகத்தான் நான் சாகோணும்னு வேண்டுனேன். இனி அந்த ஆத்தாகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்? என்னைய ஏமாத்திப் போட்டீங்க. என்னைய மட்டுமா, ஆத்தாளையும் சேத்தி ஏமாத்திப் போட்டீங்க." அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தானாகவே திரும்பினாள், யாரும் பிடிக்கவில்லை.

ஊருக்குச் சொல்லட்டுமா என்று மறுநாள் கேட்டேன். சந்துருவுக்காவது சொல்ல வேண்டாமா என்றேன். "இப்பச் சொன்னா எல்லாரும் வந்து அவரத் திட்டிப்போட்டுப் போவாங்க. எனக்குக் காலு வருமா?" என்றாள். "மொதல்ல காலு வரட்டும். அதுக்கு ஆளக் கூட்டியா."

படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் மூலமாக ஷிஜி என்ற பிசியோதெரபிப் பெண் வர ஆரம்பித்தாள். நெம்மாறப் பக்கத்துக்காரி. தமிழும் மலையாளமும் கலந்து ஒரு பாஷை பேசுவாள். வந்த முதல் நாளே டம்ளரையும் கரண்டியையும் எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டாள். தண்ணீர் வேண்டும் என்றால் கை நீட்டி எடுக்கிற தூரத்தில் சொம்பை வைத்தாள், அடுத்த வாரம் அதை இன்னும் தள்ளி வைத்தாள். கட்டிலில் உட்கார வைத்தபோது அத்தைக்குத் தலை சுற்றியது. நிற்க வைத்தபோது கால் துணி மாதிரி மடங்கியது. "வேதனை வரும் அம்மே. வேதனை வந்தால் ஒடிஞ்ஞு போயின்னு அர்த்தம் இல்லை. பேடிக்கண்டா, பயப்பட வேண்டா" என்பாள் ஷிஜி. அந்த ஒரு பேச்சு அத்தையின் மண்டையில் ஏறுவதற்குத்தான் அதிக காலம் பிடித்தது. இரண்டு வருஷமாக ஊறின பயம் லேசில் போகுமா? அடி எடுத்து வைக்கும்போது நரம்பு நசுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டு, பிறகு அடுத்த அடி வைப்பாள். யாரைத் திட்டுகிறாள் என்று ஷிஜிக்குத் தெரியாது.

மாமா இன்னமும் சமைத்தார், துவைத்தார். அத்தை அவர் வைத்த சோற்றைச் சாப்பிட்டாள், அவர் கையால் ஊட்ட மட்டும் விடவில்லை. பேச்சு நின்றுவிட்டது. அவர் நீட்டுகிற கையை அவள் பார்க்காத மாதிரி இருப்பாள், தடுமாறும்போது என்னையோ சுவரையோ கதவையோ பிடித்துக்கொள்வாள். வாக்கரை வைத்து நடுவீட்டில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை போய்வர ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. முதுகு நிமிரவில்லை. நிலைப்படி தாண்டி வாசலுக்கு இறங்குவது மட்டும் முடியவில்லை. உயரமான படி அது. ஷிஜி பிடித்துக்கொண்டு இரண்டு தடவை முயன்றாள், இரண்டு தடவையும் அத்தை பயந்து உள்ளே திரும்பிவிட்டாள். படி இறங்குவது இனி வராமலே போகலாம் என்று ஷிஜி என்னிடம் தனியாகச் சொன்னாள்.

போன வாரம் ஆனைமலையிலிருந்து ஒரம்பரை வந்தார்கள். அத்தையின் தம்பி பொஞ்சாதி பொன்னாத்தாளும் அவள் மகளும். அத்தை வாக்கரோடு நிற்பதைப் பார்த்து அவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மாமா காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

"எல்லாம் இந்த அண்ணன் புண்ணியமுங்க நங்கை" என்று நாத்தனார் முறையில் கூப்பிட்டுச் சொன்னாள் பொன்னாத்தாள். "எந்த ஆம்பள இப்படிப் பாப்பான்? எங்கூர்ல இன்னைக்கும் இதே பேச்சுத்தான்."

மாமா தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அத்தை என் பக்கம் பார்க்காமலே கையை லேசாகத் தூக்கி என்னை அடக்கினாள்.

"ஆமாங்க நங்கை" என்றாள். "அப்படிப் பாத்துக்கிட்டாரு. என்னைய எந்திரிக்கவே உடலைங்களே."

"பாத்தியா, பாத்தியா" என்று பொன்னாத்தாள் தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மாமா தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவர்கள் கிளம்பினார்கள். அத்தை குங்குமம் கொடுத்துவிட்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வந்தாள். காருக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் கையாட்டினார்கள். அத்தை உள்ளே திரும்பவில்லை. படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா அதைப் பார்த்துவிட்டார். ஓடி வந்து படிக்குக் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டினார். காரிலிருந்து பொன்னாத்தாள், "அண்ணன் கையப் புடிச்சுக்கங்க நங்கை" என்று கத்தினாள்.

அத்தை அந்தக் கைகளைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக அவரிடம் பேசினாள். மெதுவாகத்தான் சொன்னாள், காரில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது.

"தள்ளி நில்லுங்க. உழுந்தாலும் நானே உழுந்துக்கறேன்."

மாமா தள்ளி நின்றார். அத்தை வாக்கரை முதலில் கீழே இறக்கினாள், அதன் பிறகு காலை.